ஓஷ் விமான நிலையம்: முதல்முறை போகிறவருக்கு

டாக்சிக்காரர் எழுநூறு சோம் கேட்பார்.
நானூறு என்று சொல்லுங்கள், ஐந்நூறில் வந்து நிற்கும்.
பஜார் முனையிலிருந்து மினிபஸ்ஸும் உண்டு,
காசு கொஞ்சம்தான்;
ஆனால் யாரோ ஒருவருடைய முலாம்பழம்
உங்கள் மடியில் ஏறி வரும்.
இறங்கும்போது ஞாபகமாகத் திருப்பிக் கொடுங்கள்.

நுழைவாயிலுக்கு மேல்
பன்னாட்டு விமான நிலையம் என்று
மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
உள்ளே பலகையைப் பாருங்கள்:
மாஸ்கோ, நோவோசிபிர்ஸ்க், மாஸ்கோ,
தாமதமாக இன்னொரு மாஸ்கோ.
பன்னாடு என்பதில் உள்ள பன்மை
மரியாதைப் பன்மை.
இஸ்தான்புல் விமானம் வாரத்தில் ஒருநாள்.
அன்றைக்குத் தேநீர் பத்து சோம் கூடுதல்.

தனியாகவா போகிறீர்கள்?
வரிசையில் சற்றுக் கூச்சமாக இருக்கும்.
இங்கே புறப்படுகிற ஒருவருக்குப்
பதினோரு பேர் வருகிறார்கள்,
கைக்குழந்தையைச் சேர்க்காமல்.
எல்லோரும் ஒரே நேரத்தில் படம் எடுப்பார்கள்.
நீங்களும் ஏதோ ஒரு மூலையில் விழுந்திருப்பீர்கள்;
அராவான் பக்கத்து வீடொன்றில்
உங்கள் இடது காதை
யாரோ இந்நேரம் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

எடை மேடை இரண்டு.
சன்னல் பக்கத்தது அரைக்கிலோ கூட்டிச் சொல்லும்,
அதைத் தவிருங்கள்.
ஜூலை வெயிலில்
கோட்டின்மேல் கோட்டு போட்டு
ஒருவன் வியர்த்துக்கொண்டு நின்றால்
சிரிக்காதீர்கள்.
இருபது கிலோதான் கணக்கு.
சைபீரியாவின் குளிர்காலத்தை
அவன் உடம்பில்தான் ஏற்ற முடியும்.

ரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
கண்ணாடிக் கதவுக்கு முன்னால்
தட்டு அகலத்தில், நடுவில் முத்திரை குத்திய
ரொட்டி ஒன்றை நீட்டுவார்கள்.
போகிறவன் ஒரு கடி கடிப்பான்.
மீதி வீட்டுக்குப் போகும்,
சுவரில் ஓர் ஆணியில் தொங்கும்,
அவன் திரும்பி வந்து தின்று முடிக்கிறவரை;
கல்லாகிப் போனாலும், தேநீரில் நனைத்தாவது.

நவம்பரில் ஒருநாள் மூடுபனி.
பதினான்கு மணிநேரம்
எதுவும் ஏறவில்லை, எதுவும் இறங்கவில்லை.
என் எதிர் இருக்கையில் தாலந்த்பெக்,
கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன்.
கையுறை தேடிப் பைக்குள் விட்ட கையை
அவன் வெளியே எடுக்கவே இல்லை.
உள்ளே ரொட்டி. கடித்த ரொட்டி.
வழியனுப்பும் அவசரத்தில்
மனைவி பை மாற்றி வைத்துவிட்டாள்.

தின்ன முடியாது,
தின்றால் வந்துவிட்டதாகக் கணக்கு.
கொண்டுபோகவும் கூடாது.
கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தவன்
வாசலுக்குத் திரும்ப முடியாது,
சட்டப்படி அவன் நாட்டிலேயே இல்லை.
நாட்டில் இல்லாதவனுக்குப்
பசி மட்டும் உள்ளூர்ப் பசி.

தரை துடைக்கும் புருல்கான்
வாளியைக் கீழே வைத்தாள்.
ரொட்டியை வாங்கி மேலங்கிக்குள் செருகிக்கொண்டாள்.
தன் மதியச் சம்சாவை அவனிடம் கொடுத்து
எண்ணெய் அதிகம் என்று அவளே குறையும் சொன்னாள்.
பிறகு அவன் மனைவிக்குப் போன் போட்டாள்.
அங்கேயே இருக்கட்டும் என்றாளாம் அவள்,
வந்தால் முதலில் இறங்குவது அங்கேதானே.

ஆகவே குறித்துக்கொள்ளுங்கள்:
தொலைந்த பொருள்களின் அறை
கழிப்பறைக்கு அடுத்த கதவு.
பூட்டியிருப்பதுபோல் தெரியும், பலமாகத் தள்ளவேண்டும்.
ஏழெட்டுக் குடைகள், ஒரு பல்செட்,
குழந்தையின் ஒற்றைச் செருப்பு.
மேல்தட்டில், துணியில் சுற்றி, அது.
சீட்டில் நீலப் பேனாவால் எழுதியிருக்கிறாள்:
இது தொலையவில்லை.

மே மாதம் போனபோதும் இருந்தது.
தொட்டுப் பார்த்தேன், பலகைபோல் ஆகிவிட்டது.

கழிப்பறைக்குப் பத்து சோம்.
சில்லறையாகவே கொண்டுபோங்கள்.
புருல்கான் மீதி தரமாட்டாள்.